“இருபத்தாறு எண்டா எல்லாம் ஒண்டுதான் நானா!”

வியாபாரத்தில் நட்டம் இரண்டு வகை. ஒன்று கணக்குப் புத்தகத்தில் வரும் நட்டம். கடன் கொண்டு போனவர் திருப்பித் தரவில்லை, மழையில் சாமான் நனைந்துவிட்டது, வாங்கி வைத்த பொருளின் விலை இறங்கிவிட்டது. இவற்றை நாம் இரவில் படுத்துக் கிடந்தும் கூட்டிப் பார்ப்போம். மற்றது எந்தப் புத்தகத்திலும் வராத நட்டம். கடைக்கு வந்த வாடிக்கையாளருக்கு நமது கடைப் பையன் பிழையான ஆலோசனை சொல்லிச் சாமானை விற்று அனுப்புகிறான். வாடிக்கையாளர் சண்டை பிடிப்பதில்லை. பேசாமல் போய்விடுகிறார். அடுத்த முறை வேறு கடைப் படி ஏறுகிறார். அவர் வராமல் விட்டதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இந்த இரண்டாவது நட்டத்தை நான் அதிகம் கண்டது சைக்கிள் கடைகளில்தான். நான் சைக்கிள் வியாபாரி அல்லன். ஹாட்வெயார் கடை நடத்துபவன். ஆனால் எங்களுடையது கிழக்குக் கரையோர ஊர். மேடு பள்ளமில்லாத தரை. சந்தைக்குப் போவதும் பள்ளிக்கூடம் போவதும் இங்கு சைக்கிளில்தான். கடைக்கென்று நானும் இரண்டு சைக்கிள்கள் வைத்திருக்கிறேன். ஆகவே சைக்கிள் கடைகளோடு எனக்கு வருடக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் உண்டு.

தேடி வந்த காலம்

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. காசு இருந்தும் பெற்றோல் இல்லை. வரிசையில் இரவு பகலாகக் காத்திருந்தோம். பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது. இருபது வருடமாகச் சைக்கிளைத் தொடாத மனிதர்களெல்லாம் அப்போது சைக்கிள் கடைக்குப் போனார்கள். ஆசிரியர், வங்கி ஊழியர், கடை முதலாளி என்று எல்லோரும் போனார்கள். சைக்கிள் வியாபாரிகளுக்கு விளம்பரம் இல்லாமலே வாடிக்கையாளர் தேடி வந்த காலம் அது.

அந்தச் சைக்கிள்களில் பல இன்று எங்கள் தெருவில் குசினிக்குப் பின்னால் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பெற்றோல் தாராளமாகக் கிடைப்பது ஒரு காரணம். ஆனால் அது மாத்திரம் அல்ல. கேட்டுப் பார்த்தால் ஒருவர் முதுகு வலி என்கிறார். ஒருவர் முழங்கால் வலி என்கிறார். இன்னொருவருக்கு பிரேக் ஒரு நாளும் சரியாகப் பிடித்ததில்லையாம். ஆளுக்குப் பொருத்தமில்லாத சைக்கிளை விற்றார்கள், சீட்டின் உயரத்தைக்கூடச் சரிபார்த்துக் கொடுக்கவில்லை. சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும். இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்திருந்தால் டியூப், டயர், செயின், பிரேக் கட்டை என்று அந்த மனிதர்கள் இன்றும் அதே கடைக்கு வந்து கொண்டிருப்பார்கள்.

31 மில்லிமீற்றர்

என் கடைச் சைக்கிளின் பின் டயர் ஒரு நாள் வெடித்தது. கழற்றிய பழைய டயரையே கையில் கொடுத்து, அதே அளவில் ஒன்று வாங்கி வருமாறு வேலையாளை அனுப்பினேன். அவர் கொண்டு வந்த புது டயர் ரிம்மில் ஏறவே இல்லை. டயரைப் பார்த்தேன். பழையதில் 26 × 1⅜ என்று இருந்தது. புதியதில் 26 × 1.75 என்று இருந்தது. நானே கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பையன் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. “பாஸிட்ட குடுங்க, இழுத்துப் போடுவாரு” என்றும் சொன்னான்.

எந்தப் பாஸ் இழுத்தாலும் அது ஏறாது. சைக்கிள் டயரில் 26 அங்குலம் என்பது பழைய காலத்துப் பெயர். அதே பெயரில் வேறு வேறு ரிம் அளவுகள் இருக்கின்றன. பின்னத்தில் எழுதிய 26 × 1⅜ டயர் அமரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். புள்ளி வைத்து எழுதிய 26 × 1.75 டயருக்கு 559 மில்லிமீற்றர். வித்தியாசம் 31 மில்லிமீற்றர். 28 அங்குலத்திலும் இதே கதைதான். பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு ரிம் 635. இப்போது வரும் மெல்லிய டயர் சைக்கிள்களில் 28 என்று சொல்லப்படுவதற்கு 622.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெரும்பாலான டயர்களின் பக்கத்திலேயே 37-590, 47-559 என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. முதல் இலக்கம் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். பழைய டயரிலும் புதிய டயரிலும் இரண்டாவது இலக்கம் ஒன்றாக இருந்தால் ஏறும். இல்லாவிட்டால் ஏறாது. டயர் விற்கும் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

முதலாளி காசுப் பெட்டிக்கு அருகில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “ரிம்மில போட்டுப் பார்த்த சாமானை எடுக்க மாட்டோம் ஹாஜியார்” என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். நானும் சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவும் இல்லை. ஒரு டயரின் விலையை அவர் அன்று காப்பாற்றிக்கொண்டார். என் இரண்டு சைக்கிள்களையும், என் குடும்பத்துப் பிள்ளைகளின் சைக்கிள்களையும் இழந்தார். அது அவருக்கு இன்றுவரை தெரியாது.

கவுண்டரில் கேட்ட ஆலோசனைகள்

டயர் ஏறாவிட்டால் காசோடு போய்விடும். சில ஆலோசனைகள் உடம்போடு விளையாடுகின்றன.

“பிள்ளை வளருந்தானே, பெரிசா எடுங்க.” என் தங்கை மகனுக்கு ஏழு வயதில் 24 அங்குலச் சைக்கிளை இப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள். சீட்டில் இருந்தால் கால் நிலத்தில் முட்டாது. விரல் பிரேக் பிடிக்கு எட்டாது. ஒரு மாதத்துக்குள் சந்தியில் நிறுத்த முடியாமல் விழுந்து, மணிக்கட்டு எலும்பு வெடித்து, பிளாஸ்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். பிறகுதான் விசாரித்தோம். அன்று அந்தக் கடையில் 20 அங்குலச் சைக்கிள் முடிந்து போயிருந்தது. இருப்பில் இருப்பதை ஆலோசனையாகச் சொல்வதற்குப் பெயர் ஆலோசனை அல்ல.

“முன் பிரேக்கைப் பிடிக்காதீங்க, தலைகுப்புற விழுவீங்க.” இதையும் பல கடைகளில் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லி முன் பிரேக்கைத் தளர்வாக விட்டே சைக்கிளைக் கொடுத்து விடுகிறார்கள். உண்மை என்னவென்றால், பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சில்லுக்குப் போகிறது. பின் சில்லு இலேசாகிவிடுகிறது. பின் பிரேக்கை மாத்திரம் இறுக்கினால் சில்லு வழுக்கும், சைக்கிள் நிற்காது. நிறுத்தும் பலத்தின் பெரும் பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, திடீரென்று அல்லாமல், பையப் பைய அழுத்த வேண்டும். இரும்பு ரிம் உள்ள சைக்கிள் மழையில் நனைந்தால் பிரேக் இன்னும் தாமதமாகவே பிடிக்கும். இதைச் சொல்லி அனுப்புவது கடைக்காரரின் கடமை.

இடது பெடலின் கதை வேறு. இடது பெடலின் மரை மறுபக்கமாக வெட்டப்பட்டிருக்கும். எல்லோரும் இறுக்கும் பக்கம் திருகினால் அது கழறும். மிதிக்க மிதிக்கக் கழன்று விடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பெடல்களில் இடது, வலது என்று ஆங்கில எழுத்தும் அடித்திருக்கும். அதைப் பார்க்காமல், ஒரு புதிய பையன் வலது பெடலை இடது பக்கத்தில் நெம்பி ஏற்றியதைக் கண்ணால் கண்டேன். கிராங்கின் மரை தின்றுபோனது. வாடிக்கையாளரிடம், “இப்ப வாற சாமான் எல்லாம் தரமில்ல” என்றான். சாமானைச் செய்தவன் மீது பழி, கிராங் மாற்றும் செலவு வாடிக்கையாளர் மீது!

செயின் விற்பதிலும் இப்படித்தான். சத்தம் கேட்டால் உடனே செயினை மாற்று என்பது ஒரு கடை. செயின், பிரீவீல், கிராங் மூன்றையும் மாற்று என்பது இன்னொரு கடை. அளந்து பார்ப்பவர் யாரும் இல்லை. புதிய செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வரும். தேய்ந்து அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆனால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடினால் பிரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும். ஓர் அடிமட்டம் இருந்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

யாருடைய பிழை?

கவுண்டரில் நிற்கும் பையனைத் திட்டுவது இலகு. அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன். நாட்கூலிக்கு நிற்கிறான். அவனுக்கு முன்னால் நின்றவன் சொன்னதைக் கேட்டுப் பழகியவன். ரிப்பேர் செய்யும் பாஸ் பின்னால் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்க இவனுக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பினால் முதலாளியிடம் ஏச்சு விழும். “எனக்குத் தெரியாது” என்றால் அதற்கும் ஏச்சு. ஆகவே எதையாவது சொல்லி விற்கிறான். அவனை அப்படிச் சொல்ல வைப்பவர்கள் முதலாளிமாரே.

முதலாளிமார் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் என்னிடம் சொன்னார், “படிச்சுக் குடுத்தா ஆறு மாசத்தில கட்டாருக்குப் போயிடுவான், நாங்க திரும்பவும் புதுசா ஒருத்தனைப் பிடிக்க வேணும்” என்று. உண்மைதான். போவார்கள். ஆனால் போகும்வரை நம் கடை வாசலில் நம் பெயரில் பேசிக்கொண்டு நிற்பவன் அவன். கற்றுக் கொடுக்காமல் விட்ட ஆறு மாதத்தில் எத்தனை வாடிக்கையாளரை அவன் வேறு கடைக்கு அனுப்புவான்?

எங்கள் ஊரில் வயதான சைக்கிள் பாஸ் ஒருவர் இருக்கிறார். சிறிய கடை. கண்ணாடி அலுமாரி கிடையாது. சைக்கிள் கேட்டு வந்தால் முதலில் விலை சொல்ல மாட்டார். யார் ஓடுவது, எந்தப் பாதையில் ஓடுவது, என்ன பாரம் ஏற்றுவது என்று மூன்று கேள்வி கேட்பார். ஒரு முறை என் கடைச் சைக்கிளுக்குச் செயின் மாற்றக் கொண்டு போனேன். அளந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது இன்னும் ஓடும். மண்ணெண்ணெயில கழுவி, காய வெச்சு, மெஷின் ஒயில் விடுங்க. தேங்காய் எண்ணெய் விட்டா பிசின் மாதிரிப் பிடிச்சுக்கும்” என்று சொல்லி அனுப்பினார். அன்று அவருக்கு ஒரு செயினின் இலாபம் போனது. அதன் பிறகு அவர் “மாற்ற வேணும்” என்று சொன்ன எதையும் நான் மறு கேள்வி கேட்டதில்லை. சைக்கிள் விசாரித்து என் கடைக்கு வருபவர்களையும் அவரிடமே அனுப்புகிறேன். அவருடன் நிற்கும் மகன் தெரியாததைக் கேட்டால், “வாப்பாட்ட கேட்டுச் சொல்றன்” என்கிறான். அந்த வார்த்தைக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

நம் கடைக்கும் இதுதான்

இது சைக்கிள் கடையோடு நிற்கும் விஷயம் அல்ல. வயரின் கனம் தெரியாமல் விற்கும் மின்சாரச் சாமான் கடையிலும், பெயின்ட் கடையிலும், என்னுடைய குழாய்ச் சாமான் பகுதியிலும் இதே பையன்தான் நிற்கிறான். செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, அடிக்கடி பிழைக்கும் அளவுகளை ஒரு மட்டையில் பெரிதாக எழுதிக் கவுண்டருக்குப் பின்னால் தொங்க விடுங்கள். இரண்டாவது, “தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லும் ஊழியரை ஏசாதீர்கள். மூன்றாவது, பில்லில் பொருளின் பெயரோடு அளவையும் எழுதுங்கள். நமது ஆள் சொன்ன பிழையால் வாங்கிய சாமான் என்றால் பேசாமல் மாற்றிக் கொடுங்கள். நான்காவது, கிழமைக்கு ஒரு நாள் கடை பூட்டும் முன் கால் மணி நேரம் ஊழியர்களோடு இருந்து ஒரு சாமானைப் பற்றி மாத்திரம் பேசுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரம் செய்வது குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து யாரும் முறையிடலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து திருந்த வேண்டிய நிலை நமக்கு வரக்கூடாது. சாமானின் குறையை மறைத்து விற்காதே என்பது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தரப்பட்ட பாடம். தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லி விற்பதும் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான்.

இன்று இரவு கடை பூட்டும்போது, உங்கள் கடையில் அதிகம் விற்கும் மூன்று சாமான்களை மேசையில் வையுங்கள். இது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று உங்கள் பையனிடம் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள். அவன் சொல்லும் பதில்தான் நாள் முழுவதும் உங்கள் வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டிருந்த பதில்.