பாதையோரத்துப் பகை பார்த்தீனியம்



அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தின் காலி மனைகளில், மழை பெய்த சில வாரங்களில் ஒரு வெள்ளைப் பூக்காடு எழுந்து நிற்பதைக் காணலாம். கேரட் இலையை ஒத்த பிளவுபட்ட இலைகள்; இடுப்பளவு உயரம்; நுனியெங்கும் கடுகினும் சற்றே பெரிய வெண்பூக்கள். பெயரிலேயே வறண்ட நிலத்துக் கள்ளியைத் தாங்கி நிற்கும் ஊரில், புதிய குடியாக வந்தமர்ந்த இச்செடியின் பெயர் பார்த்தீனியம். சூரியகாந்தியும் செவ்வந்தியும் இதன் உறவினமே. தோற்றத்தில் எளிமை, குணத்திலோ கொடுமை!

எங்கிருந்து வந்தது?

மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த நாடுகளே இதன் தாயகம். 1955-ஆம் ஆண்டு வாக்கில் புனே நகரில் இது கண்டறியப்பட்டது. இறக்குமதியான தானியத்தோடு விதையாகக் கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலும் நுழைந்து, பின்னர் மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கியது. ஒரே செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. காற்றும், மழைநீரும், லாரிச் சக்கரமும், மனைகளில் கொட்டப்படும் மண்ணும் அவ்விதைகளைச் சுமந்து செல்கின்றன.

படைப்பில் குறையா?

இத்தகைய செடியை இறைவன் ஏன் படைத்தான் என்று சிலர் வினவக்கூடும். அல்லாஹ் எதனையும் வீணாகப் படைக்கவில்லை; ஒவ்வொன்றையும் ஓர் அளவோடு படைத்திருக்கின்றான். இச்செடியைத் தின்று அடக்கிவைக்கும் பூச்சிகளையும் அதன் தாயகத்திலேயே அவன் அமைத்திருக்கின்றான். செடியை மட்டும் கடல் கடத்திய மனிதன், தராசின் மறுதட்டை அங்கேயே விட்டுவிட்டான்! இதனையுணர்ந்த அறிஞர்கள், 1983-இல் மெக்சிகோவிலிருந்து இலைதின்னும் வண்டு ஒன்றைத் தருவித்து, 1984-இல் பெங்களூரில் வெளியிட்டனர். மழைக்காலத்தில் அது நன்கு உழைக்கிறது. வறண்ட காலத்தில் மண்ணுக்குள் உறங்கிவிடுவதால் அதன் உழைப்பு மட்டும் போதவில்லை.

இல்லத்தாரின் கவனத்திற்கு

இச்செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருள் பலருக்குத் தோல் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிறது. மகரந்தமோ தும்மலையும் மூச்சிரைப்பையும் தூண்டுகிறது. இதனை மேய்ந்த மாட்டின் பால் கசக்கும். எனவே, சிறுவர்கள் இப்பூக்களைப் பறித்து விளையாடுவதைப் பெற்றோர் தடுக்க வேண்டும். தீராத அரிப்புக்குத் தோல் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

கப்ருஸ்தானில்...

நம் கப்ருஸ்தான்களிலும் இச்செடி மண்டுவதுண்டு. பச்சைச் செடியைக் கப்ரிலிருந்து பிடுங்கலாகாதே என்று பெரியவர்கள் தயங்குகின்றனர். அடக்கத்தலத்தின் பசும்புல்லைத் தேவையின்றி அறுப்பது மக்ரூஹ் என ஹனஃபி சட்ட நூல்கள் கூறுவது உண்மையே. ஆனால், ஜனாஸாவைச் சுமந்து வருவோர்க்கும், கப்ரு தோண்டும் தொழிலாளிக்கும் நோய் தரும் பூண்டை அகற்றுவது தேவையற்ற செயலாகுமா? உங்கள் மஹல்லா இமாமிடம் கலந்து, முதலில் நடைபாதைகளையேனும் துப்புரவு செய்யலாமே!

அகற்றும் முறை

பூப்பதற்கு முன், மண் ஈரமாயிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடும் துணி ஆகியவை அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள் விலகி நிற்கட்டும். பூக்காத செடிகளை மட்கச் செய்து எருவாக்கலாம். பயிரிடாத வெற்றிடங்களில், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உப்பு வீதம் கரைத்துத் தெளிப்பதும் பயனளிக்கும். ஆனால், உப்பு மண்ணைக் கெடுக்குமாதலால் தோட்டத்தில் வேண்டாம். அகற்றிய இடத்தை வெறுமையாக விடாமல் ஆவாரை, தகரை, கொழிஞ்சி ஆகியவற்றின் விதைகளைத் தூவுங்கள்; அவை வளர்ந்து பார்த்தீனியத்தை நெருக்கிவிடும். ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை நாடெங்கும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. மதரஸா மாணவர்களுக்கு இச்செடியை அடையாளம் காட்ட உகந்த தருணம் அது.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். முள்ளும் கல்லும் மட்டுமா தொல்லை? அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும், அவர்தம் குழந்தையின் மூச்சை அடைக்கும் பூண்டும் தொல்லையே. அதனை வேரோடு களையும் கரங்களாக நம் கரங்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.