பாங்காக்கில் காய்ச்சல் வந்தால்: புறப்படும் முன் முடிக்க வேண்டிய பண ஏற்பாடுகள்

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, குறைந்த செலவில் நாடு நாடாகச் சுற்றிவரும் பழக்கம் நம் இளைஞரிடையே பெருகி வருகிறது. அவர்களுள் பலருக்கு முதல் அயல்நாட்டு நகரமாக அமைவது தாய்லாந்தின் தலைநகரான பாங்காக். இந்தியாவிலிருந்து சில மணி நேர விமானப் பயணம். காவ்சான் சாலையைச் சுற்றிலும் மலிவான விடுதிகள். தெருவெங்கும் உணவுக் கடைகள். படுக்கைக்கு இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு, பேருந்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் புறப்படுபவர், நோய்க்கு என்று ஒரு தொகையை எழுதுவதில்லை. ஆகவே உடல்நலம் கெடும்போது, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் பணப்பையைப் பார்க்கும் நிலை வந்துவிடுகிறது. அந்தத் தயக்கம் நோயைவிடக் கேடானது.

தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்து

பயணியைப் பெரும்பாலும் வருத்துவது வயிற்றுப்போக்குதான். உப்பு, சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் ஓய்வும் பல வேளைகளில் போதும். டெங்கு அப்படிப்பட்டதன்று. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் பரவும் இந்நோய் பாங்காக் போன்ற நெரிசலான நகரங்களில் இயல்பாகவே காணப்படுகிறது. கொசு கடித்த 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தோன்றும். பயணி அதற்குள் அடுத்த ஊருக்கே சென்றிருக்கக்கூடும்.

டெங்குவின் சூழ்ச்சி, காய்ச்சல் தணியும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது என்பதில் உள்ளது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். 'சரியாகிவிட்டது, மருத்துவமனைச் செலவு மிச்சம்' என்று மனம் சொல்லும். அடுத்த 24 முதல் 48 மணி நேரமே உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய காலம். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, வேகமான மூச்சு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் உரிய அளவில். தாய்லாந்தில் அவசர மருத்துவ உதவிக்கான எண் 1669. சுற்றுலாக் காவலர் எண் 1155.

மருத்துவமனை முகப்பில் எழும் கேள்வி

பாங்காக்கின் பெரிய தனியார் மருத்துவமனைகள் தரத்துக்குப் பெயர் பெற்றவை. ஆங்கிலம் பேசுவோரும் அங்கு இருப்பர். ஆனால் உள்நோயாளியாகச் சேரும் அயல்நாட்டவரிடம் முன்பணமோ காப்பீட்டு நிறுவனத்தின் உறுதிக் கடிதமோ கேட்பது வழக்கம். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. காத்திருப்பு அதிகம், மொழியும் தடையாகலாம். எங்கு சென்றாலும், 'யார் பணம் செலுத்துவார்?' என்ற கேள்விக்கு நோயாளியின் கைப்பையில் விடை இருக்க வேண்டும்.

முதல் விடை: பயணக் காப்பீடு

இந்தியாவில் நாம் எடுத்துள்ள மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை நாட்டின் எல்லைக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டைத் தனியாகவே எடுக்க வேண்டும். எடுக்கும்போது நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும். ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டா, அல்லது முதலில் செலவழித்துவிட்டுப் பின்னர் கோர வேண்டுமா? ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை எவ்வளவு? ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாதுகாப்பு உண்டா? உரிமமின்றி இருசக்கர வாகனம் ஓட்டுதல், மது அருந்திய நிலையில் நேரும் விபத்து போன்ற விலக்குகள் யாவை?

மருத்துவமனையில் சேர்ந்தவுடன், இயன்றால் சேரும் முன்பே, காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் தாமதமானால் ரொக்கமில்லா வசதி கைநழுவக்கூடும். மூலப் பட்டியல்கள், பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை ஒன்றுவிடாமல் வாங்கி வைக்க வேண்டும்.

இரண்டாவது விடை: கையிலுள்ள அட்டை

ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே செயல்படும் நிலையில் தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கைபேசிச் செயலியிலோ இணைய வங்கியிலோ திறந்து, நாள்வரம்பையும் அமைக்க வேண்டும். முன்பணம் செலுத்தும் வேளையில் அட்டை மறுக்கப்படுவதற்கு இதுவே பொதுவான காரணம். கணக்கில் பணம் இருந்தும் பயனில்லாமல் போகிறது. இதைச் சரிசெய்ய வேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல் இந்திய எண்ணுக்கே வரும். எனவே அந்தச் சிம்மில் ரோமிங் வசதி செயல்பட வேண்டும்.

அட்டை இயந்திரம் 'ரூபாயிலா, பாட்டிலா?' என்று கேட்டால் பாட்டைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாகச் சிக்கனம். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அங்குள்ளவர்களே நிர்ணயிப்பர். தாய்லாந்து ஏ.டி.எம்.களில் அயல்நாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டைத் தாண்டிய கட்டணம் உண்டு. சிறிது சிறிதாகப் பலமுறை எடுப்பது வீண். ஃபாரெக்ஸ் அட்டை ஒன்றும் சாதாரண அட்டை ஒன்றுமாக இரண்டை எடுத்துச் சென்று, வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பது நன்று. ஒன்று தொலைந்தால் உடனே செயலியில் முடக்கிவிடலாம், மற்றொன்று கைகொடுக்கும்.

மூன்றாவது விடை: வீட்டிலிருந்து வரும் பணம்

பயணத்தின்போது நோயுற்றவரின் சிகிச்சைக்கும் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் அந்நியச் செலாவணி பெறலாம். அத்திட்டத்தின் வரம்பு ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 அமெரிக்க டாலர். 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை இவ்வாறு அனுப்பும் பணத்துக்கு மூலத்தில் வரி வசூலிக்கப்படுவதில்லை.

நடைமுறையில் நேரமே பெரும் தடை. அந்நியச் செலாவணிப் பணிக்கு அனுமதி பெற்ற கிளைக்குப் பெற்றோர் செல்ல வேண்டியிருக்கலாம். பான் எண்ணும் ஏ2 படிவமும் வேண்டும். நம் கிளை 10 மணிக்குத் திறக்கும்போது பாங்காக்கில் மணி 11.30 ஆகியிருக்கும். வெள்ளி மாலை நேர்ந்த நோய்க்குத் திங்கட்கிழமைதான் பணம் புறப்படக்கூடும். அது போய்ச் சேரவும் ஓரிரு நாள் ஆகலாம்.

அனுப்பும் முன் மருத்துவமனையின் வங்கிப் பெயர், கணக்கு எண், ஸ்விஃப்ட் குறியீடு, நோயாளியின் பதிவு எண் ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். இடையிலுள்ள வங்கிகளின் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகப் படிவத்தில் குறிப்பிடுவது நல்லது. இல்லாவிடில் தொகை குறைந்து சென்று, எஞ்சிய சிறு பாக்கிக்காக நோயாளி காத்திருக்க நேரும்.

தூதரகமும் விசாவும்

பாங்காக்கில் சுகும்வித் 23ஆம் சந்தில் இந்தியத் தூதரகம் உள்ளது. உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழிகாட்டவும் அது உதவும். இந்திய சமுதாய நல நிதியிலிருந்து, உண்மையிலேயே வழியற்றவர்களுக்குப் பரிசீலனைக்குப் பின் அவசர மருத்துவ உதவியும் உண்டு. எனினும் அதைக் காப்பீட்டுக்கு மாற்றாகக் கருதலாகாது. படுக்கையில் இருக்கும்போதே தங்கும் அனுமதி முடிவடையுமானால், மருத்துவச் சான்றுடன் குடியேற்ற அலுவலகத்தில் நீட்டிப்புக் கோரலாம். கோராமல் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம். காப்பீட்டின் காலத்தை நீட்டிப்பதையும் அப்போது மறக்கலாகாது.

புறப்படும் முன் ஒரே தாளில் எழுதுக

• காப்பீட்டு ஒப்பந்த எண், உதவி எண்
• இரத்த வகை, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள்
• அட்டையை முடக்குவதற்கான வங்கி எண்
• வீட்டில் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயர், கைபேசி எண்
• கடவுச்சீட்டு எண், தூதரக எண்

ஒரு படி பயணியின் பையிலும், ஒரு படி வீட்டிலும் இருக்கட்டும். அட்டையின் இரகசிய எண்ணை மட்டும் இத்தாளில் எழுத வேண்டா. இவ்வேற்பாடுகளை முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பணத்தைப் பற்றிய கவலை முன்பே தீர்ந்திருந்தால், காய்ச்சல் தணிந்த அந்த நாளிலும் தங்கள் பிள்ளை தயங்காமல் மருத்துவமனைப் படியேறுவார்.