பச்சை மாத்திரை வாங்கலாமா?



"அத்தனை சத்தும் இதிலே அடக்கமுங்க" என்று சொல்லி, வீட்டு வாசலிலேயே பச்சை மாத்திரை விற்க வருகிறார்கள். அது என்ன என்று தெரிந்துகொண்டு பிறகு காசை எடுங்கள்.

அது பாசிதான். ஸ்பைருலினா எனும் சுருள்பாசியும் குளோரெல்லாவும் தண்ணீரில் வளரும் நுண்ணிய பாசிகள். தொட்டியில் வளர்த்து, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். பிஸ்கட், மீ போன்றவற்றிலும் கலக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைப் பெண்கள் சுருள்பாசியை அடைபோல் காயவைத்துக் குழம்பில் கரைக்கிறார்கள். ஆகவே, இது உணவுதான்; மந்திரம் அல்ல.

சத்து உண்டா? உண்டு. உலர்ந்த சுருள்பாசியில் பாதிக்கு மேல் புரதம். ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அரை கிராம் மாத்திரையில் அதே அளவு கிடைக்க ஏறக்குறைய 20 மாத்திரை விழுங்க வேண்டும்! முட்டை, நெத்திலி, பருப்பு, முருங்கைக் கீரை இவற்றை விட்டுவிட்டு மாத்திரைக்குச் செலவு செய்வது நியாயமா?

மரக்கறி மட்டும் சாப்பிடுவோர் கவனிக்கவும். சுருள்பாசியில் இருக்கும் பி12 பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத வகை. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கர்ப்பிணிகளே, கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடாதீர்கள். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் தங்கள் மருந்தை விடக்கூடாது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குளோரெல்லாவைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும்.

"பாசிதானே, நம்ம குளத்திலேயே இருக்குதே" என்று யாரும் அள்ளிவிடாதீர்கள். சில பாசிகளில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தாலும் அது போகாது.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால், டப்பாவில் சுகாதார அமைச்சின் எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும் நோயைத் தீர்க்கும் என்று அர்த்தமில்லை. "இது எல்லா நோயையும் தீர்க்கும்" என்று ஒருவர் சொன்னால், டப்பாவைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதலில் பிள்ளைகளின் தட்டில் முட்டையும் கீரையும் விழட்டும். மாத்திரையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.