முக்கால் டாலர் கணக்கு

கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பைப் பற்றிய வித்தையைக் கற்க வேண்டுமென்ற ஆவல் நமது வாலிபர்களிடையே பெருகி வருவது கண்கூடு. 'ஹாக்கிங்' என்ற பெயரைக் கேட்டதுமே பெரியவர்கள் சிலர், திருட்டுக்கும் ஒரு பயிற்சியா என்று முகஞ் சுளிக்கிறார்கள். வாலிபர்களில் பலரோ, எவரோ செய்து வைத்த கருவியொன்றை இறக்கிக்கொண்டு பித்தானை அழுத்தினால் உலகத்துக் கதவுகளெல்லாம் திறந்து விடுமென்று எண்ணுகிறார்கள். இரு சாராரும் விஷயத்தைச் சரிவர அறியவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வித்தையில் புதிதாய்ப் புகுவோன் எங்கே தொடங்க வேண்டுமென்பதற்கு, அமெரிக்கரான கிளிஃபோர்ட் ஸ்டோலின் வரலாறு தக்க உதாரணமாகும். அவர் வான சாஸ்திரி. 1986-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலையில் கம்ப்யூட்டர்களை மேற்பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் உபயோகக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, காரணத்தைக் கண்டுபிடி என்றார்கள். முக்கால் டாலர்தானே என்று அவர் தள்ளிவிடவில்லை. கணக்கு எழுதும் புரோகிராம்களை ஆராய்ந்தார். பிழை அவற்றில் இல்லை. காசு கொடாத அந்நியன் ஒருவன் உள்ளே வந்து போயிருந்தான்!

ஆராய்ச்சிசாலைக்குள் வரும் தொடர்புக் கம்பிகளில், இரவல் வாங்கிய அச்சு யந்திரங்களைப் பொருத்தி, அவன் தட்டிய எழுத்துக்களைக் காகிதத்தில் விழச் செய்தார் ஸ்டோல். கண்டதையெல்லாம் நாள், மணி குறித்து எழுதி வைத்தார். அவனை நெடுநேரம் நிறுத்தி வைக்கும்பொருட்டுப் பொய்த் தஸ்தாவேஜுகளையும் புனைந்து வைத்தார். மாதங்கள் பல சென்றபின், சுவடு மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் போய் முடிந்தது. அந்த மார்க்குஸ் ஹெஸ், களவாடியவற்றை சோவியத் உளவு ஸ்தாபனத்துக்கு விற்ற கூட்டத்தைச் சேர்ந்தவன். 1990-இல் ஜெர்மன் நீதிமன்றம் அவனைக் குற்றவாளியெனத் தீர்மானித்தது.

அவன் மகா மேதாவியல்லன். யந்திரத்தை விற்றவர்கள் முதலில் வைத்துக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாது விட்ட இடங்களில் தாராளமாய் நுழைந்தான். (அங்கத்தினர் ஜாபிதா முழுவதையும் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டுக் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைக்கும் பொதுக் காரியாலயங்கள் இதைக் கவனிப்பார்களாக.)

ஆகவே, தொடங்குவோன் முதலில் அறிய வேண்டியது தன் யந்திரத்தையே. லினக்ஸில் கட்டளைகளைத் தட்டிப் பழகட்டும். எந்தப் புரோகிராம் யார் பெயரில் ஓடுகிறது, எந்தக் கோப்பை யார் படிக்கலாம், வந்து போவோரின் பதிவேடு எங்கே கிடக்கிறது என்பவை கைத்தலமாக வேண்டும். பின்பு, செய்தி எவ்வாறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வலையமைப்பில் செல்கிறதென்பதை 'வயர்ஷார்க்' என்னும் இலவசக் கருவியைக் கொண்டு கண்ணாரக் காணலாம். 'பைத்தான்' மொழியில் சிறு புரோகிராம்கள் எழுதவும் கற்கட்டும். இவையெல்லாம் சுவையற்ற வேலை என்று அலுத்துக்கொள்பவனுக்கு இத்துறை ஏற்றதன்று.

தாக்கிப் பார்க்கவும் வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கென்றே ஓட்டைகளுடன் செய்யப்பட்ட 'வெப்கோட்' போன்ற பயிற்சிப் புரோகிராம்கள் இருக்கின்றன. தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே மெய்நிகர் யந்திரமொன்றை அமைத்து, அதில் அவற்றை வைத்து எத்தனை முறை வேண்டுமாயினும் உடைக்கலாம். 'பாண்டிட்' என்ற விளையாட்டில், ஒரு படியைத் தீர்த்தாலன்றி அடுத்த படிக்குரிய கடவுச்சொல் கிட்டாது.

பிறர் யந்திரம் வேறு விஷயம். 1988 நவம்பர் 2-ந் தேதி, கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதி விட்ட புரோகிராம் தானே பெருகி, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிற்று. நாசம் விளைப்பது தம் கருத்தன்று என்றார்; ஆயினும் நீதிமன்றம் அவருக்கு 400 மணி நேரச் சமூக சேவையும் 10,050 டாலர் அபராதமும் விதித்தது. நமது நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உடையவரின் அனுமதியின்றிக் கம்ப்யூட்டருக்குள் புகுவதைத் தடுக்கிறது. மோசக் கருத்துடன் புகுந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அனுமதியை எழுத்தில் பெறாமல் வேறொருவர் கதவைத் தொடவே கூடாதென்று இதனாலேயே வற்புறுத்துகிறோம்.

தற்செயலாய் ஓர் ஓட்டை கண்ணில் பட்டால், உள்ளே புகுந்து பார்க்காமல் உடையவருக்கு எழுத வேண்டும். அவர் அசட்டை செய்தால், 2004 முதல் இயங்கி வரும் மத்திய சர்க்காரின் 'செர்ட்-இன்' ஸ்தாபனத்துக்குத் தெரிவிக்கலாம். கண்ட நாள், மணி, கண்ட விதம் ஆகியவற்றை ஸ்டோல் குறித்ததைப் போலவே குறித்தனுப்புவது நலம்.