வீட்டிலேயே கச்சான் அல்வா

ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்குப் போனால், கச்சான் வாங்காமல் நாம் திரும்புவதில்லை. மன்னார்ப் பக்கத்துப் பனங்கட்டியும் கிடைத்தால் லயத்து அடுப்பிலேயே அல்வா கிண்டலாம்.

தேவை: உடைத்த கச்சான் 250 கிராம், பனங்கட்டி 200 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை, ஏலக்காய் 3, கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

முதலில் கச்சானைச் சுளகில் கொட்டிப் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. பூத்தது, சுருங்கியது, கறுத்தது எல்லாவற்றையும், "காசு போட்டு வாங்கினதாச்சே" என்று பார்க்காமல் வீசிடுங்க.

நல்லதை இளந்தீயில் வறுத்து, தோல் நீக்கி, நைசாக இடியுங்கள். பனங்கட்டியைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடித்துக் காய்ச்சுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மெதுவான உருண்டையாகத் திரள வேண்டும், அதுதான் பதம். தூளையும் ஏலக்காயையும் கொட்டி, சட்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிண்டுங்கள். எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் துண்டு போடுங்கள்.

ஈரமில்லாத மூடி டின்னில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிடுங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்காதீங்க, மூச்சுக்குழாயில் அடைச்சிடும். நைசாக இடித்த அல்வாவில் சின்னத் துண்டு கொடுத்தால் போதும்.