இரண்டு துணி, ஒரு திரை

மேற்குப் பார்த்த ஜன்னலில் லைனிங் இல்லாமல் சில கோடைகள் தொங்கிய பருத்தித் திரையைக் கழற்றி, அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெயில் நேராக விழுந்த இடமெல்லாம் வெளுத்து, மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக நிற்கும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த இடத்தில் வாங்கிய அன்றைய நிறமே இருக்கும். நிறம் போவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. வெயிலில் வரும் புற ஊதாக் கதிர் சாயத்தை அழிப்பதோடு நூலையும் இற்றுப்போகச் செய்கிறது. வெளுத்த கோட்டில் கை வைத்துக் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் சில துணிகள் அப்படியே கிழிந்துவிடும்.

அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளத்தான் லைனிங். வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் பின்னால் ஒரு துணி இருந்தால் வெயிலில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியே வெளியே திருப்பி அனுப்பும். முன்துணியின் நிறம் நிற்கும். மெல்லிய துணிக்குக் கனம் கூடி மடிப்பு அழகாக விழும். இத்தனைக்கும் பெரிய தையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேராக ஓட்டத் தெரிந்தால் போதும், வளைவே கிடையாது. ஆனால் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இது இரண்டு துணிகளின் வேலை. இரண்டும் வேறு வேறு நூல், வேறு வேறு நெசவு. ஒன்று அதிகம் சுருங்கும், ஒன்று அதிகம் தொங்கும். தண்ணீரில் நனைப்பது தொடங்கி அடி மடிப்பு வரை, இவற்றை எங்கே சேர்ப்பது, எங்கே தனித்தனியாக விடுவது என்பதில்தான் திரை நேராக விழுவதும் கோணிக்கொள்வதும் இருக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டே பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4 அடி அகலம், 4½ அடி உயரமுள்ள ஜன்னல் என்று வைப்போம். கம்பி ஜன்னலைவிட இரு பக்கமும் அரை அடி நீண்டு, 5 அடி இருக்கட்டும். திரையை ஒதுக்கும்போது அது சுவரின் மேல் ஒதுங்கும், ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும். சட்டத்துக்கு 6 அங்குலம் மேலே கம்பி. திரை அடிக்கட்டைக்கு 8 அங்குலம் கீழே இறங்கட்டும். ஆக, கம்பியின் மேல்விளிம்பிலிருந்து 6, 54, 8 சேர்த்து 68 அங்குலம். இதில் பலரும் விட்டுவிடுவது கம்பிக்கு மேலே நிற்கும் துணியை. ஐலெட் வைத்த திரையில் வளையத்தின் உள்விளிம்பு கம்பியில் உட்காரும். அதற்கு மேலே வளையத்தின் பட்டை அரை அங்குலம், அதற்கும் மேலே துணி ஓர் அங்குலம். இந்த ஒன்றரை அங்குலத்தையும் சேர்த்தால் 69½. இதை 70 என்று வைத்துக்கொள்வோம். கொக்கி மாட்டும் பழைய ஃபிரில் திரையில் கொக்கியை ஏற்றி இறக்கி உயரத்தைச் சரிசெய்யலாம். ஐலெட்டில் அந்த வசதி இல்லை, ஓட்டை போட்ட இடம் போட்டதுதான்.

அகலத்துக்கு வருவோம். கம்பியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை துணி வேண்டும். அதற்குக் குறைந்தால் மூடிய திரையில் மடிப்பே இருக்காது. ஸ்கிரீன் துணி 54 அங்குலப் பன்னாவில் கிடைத்தால் கணக்கு மிகச் சுலபம். பக்கவாட்டில் ஒன்றரை அங்குலத்தை இரண்டு முறை மடித்தால் ஒரு பக்கத்துக்கு 3 அங்குலம் போகும்; மிச்சம் 48. இரண்டு திரைக்கு 96 அங்குலம். 60 அங்குலக் கம்பிக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்.

இந்த 48 அங்குலத்தில் 8 வளையம். ஓரத்திலிருந்து முதல் வளையத்தின் மையம் 3 அங்குலம், பிறகு மையத்துக்கு மையம் 6 அங்குலம், கடைசியில் மறுபடி 3. வளையத்தின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும். காரணம் இதுதான்: திரையின் முன்பக்கத்திலிருந்து கம்பியை முதல் வளையத்துக்குள் விடுகிறீர்கள். இரண்டாவது வளையத்தில் அது முன்னால் வரும், மூன்றாவதில் பின்னால் போகும். எட்டாவதில் முன்னால் வந்து முடியும். அதனால் இரண்டு ஓரங்களும் கம்பிக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் திரும்பி அடங்கி நிற்கும். ஏழு வளையம் வைத்தால் ஓர் ஓரம் அறைக்குள் நீட்டிக்கொண்டே இருக்கும், எத்தனை முறை இழுத்துவிட்டாலும் திரும்பாது. உங்களுக்குக் கிடைத்த துணி 48 அங்குலப் பன்னாதானா? பக்க மடிப்பை ஓர் அங்குலமாகக் குறையுங்கள். 44 அங்குலம் நிற்கும். அப்போதும் வளையம் எட்டுதான், இடைவெளி ஐந்தரை அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். இடைவெளியை மாற்றுங்கள், இரட்டைப்படையை மாற்றாதீர்கள்.

இந்த 6 அங்குலத்துக்கு இன்னொரு விளைவு உண்டு. திரையை ஒதுக்கினால் ஒவ்வொரு மடிப்பும் கம்பிக்கு முன்னால் 3 அங்குலம், பின்னால் 3 அங்குலம் போகும். கம்பியைத் தாங்கும் பிராக்கெட் சுவரிலிருந்து அந்த அளவாவது தள்ளி இருந்தால்தான் பின்மடிப்பு சுவரில் தேயாமல் ஓடும். ஜன்னல் கிரில் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய அளவு: முடிந்த நீளம் 70, அடி மடிப்புக்கு 4 அங்குலம் இரண்டு முறை என 8, மேல் மடிப்புக்கு நாலரை. ஒரு திரைக்கு 82½ அங்குலம், இரண்டுக்கு 165. சுருக்கத்துக்கும் சேர்த்து நாலரை மீட்டர் வாங்குங்கள். பெரிய பூ, பெரிய கட்டம் என்றால் இரண்டு திரையிலும் டிசைன் ஒரே உயரத்தில் வர இன்னும் கொஞ்சம் வேண்டும். லைனிங் 4 மீட்டர் போதும். பிளவுஸுக்கு வாங்கும் லைனிங் வேண்டாம், அது மெல்லியது, பன்னாவும் போதாது. கரூரும் சென்னிமலையும் வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பேர்போன ஊர்கள். அங்கே நெய்யும் கனமான பருத்தியில் தைத்த திரை விழும் அழகே தனி. என் கை முதலில் போவது அதற்குத்தான். பாலியஸ்டர் சுருங்காது, வெளுப்பதும் குறைவு. ஆனால் மிஷினில் வழுக்கும்.

வாங்கி வந்ததும் கத்திரியைத் தேடாதீர்கள். பிளவுஸ் லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தானே டெய்லரிடம் கொடுக்கிறோம்? திரைக்கும் அதேதான், இங்கே இன்னும் அவசியம். பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். 70 அங்குலத்தில் அது மூன்றரை அங்குலம் வரை போகலாம். முன்துணி சுருங்கி லைனிங் சுருங்காவிட்டால், லைனிங் கீழே எட்டிப்பார்க்கும். மாறி நடந்தால் முன்துணி ஓரமெல்லாம் சுருக்கு விழுந்து பொம்மும். இரண்டையும் தனித்தனி வாளியில் இரவு முழுக்க ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, அரை ஈரத்தில் இஸ்திரி போடுங்கள்.

அடுத்தது நேராக வெட்டுவது. கடையில் வெட்டித் தந்த ஓரத்தை நம்ப வேண்டாம். சாதா நெசவுப் பருத்தி என்றால் ஓரத்தில் ஓர் ஊடு நூலைப் பிடித்து மெல்ல உருவுங்கள். துணியின் குறுக்கே மெல்லிய கோடு விழும், அதன் மேல் வெட்டினால் அதுதான் நேர். துணி கோணியிருந்தால் எதிரெதிர் மூலையைப் பிடித்து இருவர் இழுத்தால் சரியாகும். கரைப்பட்டியை வெட்டி எடுத்துவிடுங்கள், அது இறுகியது, பக்க ஓரத்தைச் சுருக்கும். அது போகும் அளவை உள் மடிப்பில் ஈடுகட்டிக்கொள்ளலாம். முன்துணி 82½, லைனிங் 73 நீளம், 47 அகலம்.

இனிமேல் தரையில் விரித்து வேலை. மேஜை போதாது. முன்துணியைக் கவிழ்த்துப் போட்டு, இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் இரண்டு முறை மடித்து இஸ்திரியால் படிய வையுங்கள். அந்த மடிப்பைத் திறந்து லைனிங்கின் பிசிறு ஓரத்தை உள்ளே நுழைத்து மூடுங்கள். லைனிங்கின் மேல்நுனி, முன்துணியின் மேல் மடிப்புக் கோட்டைத் தொட்டு நிற்கட்டும். குண்டூசி குத்தி, மடிப்பின் உள்விளிம்பை ஒட்டித் தையுங்கள். லைனிங்கை விறைப்பாக இழுக்காதீர்கள், கொஞ்சம் தளர்வே நல்லது. தையலை அடியிலிருந்து ஓர் அடி உயரத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஏன் என்பது பின்னால் வரும். தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கட்டும். நெருங்கிய தையல் நீண்ட ஓரத்தைச் சுருக்கிவிடும். 14 எண் ஊசி இதற்குப் போதும், மேல் பட்டைக்குள் விறைப்புக்கு வைக்கும் பக்ரம் துணி வரும் இடத்தில் 16 போடுங்கள்.

மேல் பட்டைக்கு 4 அங்குல பக்ரம். முன்துணியின் மேல்நுனியை அரை அங்குலம் மடித்து, பக்ரத்தை உள்ளே வைத்து, மொத்தமாக லைனிங்கின் மேல் கவிழ்த்தால் லைனிங்கின் நுனி பக்ரத்துக்கு அடியில் மறைந்துவிடும். பட்டையின் கீழ்விளிம்பில் ஒரு தையல், மேல்விளிம்பை ஒட்டி ஒரு தையல். இரண்டு துணிகளும் இறுகச் சேர வேண்டிய இடம் இது.

இப்போது வளையம். வீட்டுக்கு, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஐலெட்டே நல்லது. தார்ப்பாயில் அடிப்பதுபோன்ற உலோக வளையத்துக்குத் தனி அச்சும் சுத்தியலும் வேண்டும். கடற்கரை ஊர்களில் துருவும் ஏறும். உள்வட்டம் 40 மில்லிமீட்டர் உள்ளதை எடுத்தால் ஓர் அங்குலக் கம்பியில் சிக்காமல் ஓடும். வெளிவட்டம் கிட்டத்தட்ட 2¾ அங்குலம் வரும். ஓரத்திலிருந்து 3 அங்குலத்தில் மையம் வைக்கச் சொன்னதன் காரணம் இங்கே தெரியும்: வளையத்தின் வெளிவிளிம்பு ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும், உங்கள் பக்க மடிப்பு ஒன்றரை அங்குலத்தில் முடிகிறது. வளையம் அந்தத் தடித்த மடிப்பின் மேல் ஏறிவிட்டால் பற்கள் பூட்டாது.

மேல்விளிம்பிலிருந்து 2¼ அங்குலம் கீழே எட்டு மையங்களையும் சாக்கால் குறித்து, ஒரு முறை முழுக்க அளந்து பாருங்கள். வளையத்தின் உள்வட்டத்தை வரைந்து, சுற்றிலும் ஒரு நூல் அளவு பெரிதாக இன்னொரு வட்டம் போடுங்கள். வெட்டுவது அந்த இரண்டாவது வட்டத்தில். அதற்கு முன், அதை ஒட்டி வெளியே கையால் ஓர் ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் நான்கு அடுக்கும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாது. நடுவில் கத்திரி நுனியால் குத்தி, சிறு கத்திரியால் சுற்றி வெட்டுங்கள். மிச்சத் துணியில் இதே அடுக்குகளை வைத்து முதலில் ஒரு வளையம் போட்டுப் பாருங்கள். ஓட்டை சிறிதானால் துணி உள்ளே நெளியும், பெரிதானால் பற்களுக்குப் பிடிக்கத் துணி இருக்காது. அளவு பிடிபட்டதும், கீழ்ப்பாதியைக் கடினமான தரையில் வைத்து, துணியைப் பொருத்தி, மேல்பாதியை உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். ஒவ்வொரு பல்லும் டக் டக்கென்று உட்காருவது கையிலேயே தெரியும்.

அடி மடிக்காமலே திரையைக் கம்பியில் மாட்டி, இரண்டு நாள் தொங்க விடுங்கள். நிறையப் பேர் பொறுக்காமல் அடியையும் அன்றே தைத்துவிடுகிறார்கள். ஆனால் தளர்ந்த நெசவுத் துணி தன் கனத்திலேயே இறங்கும், அதுவும் முன்துணி ஓர் அளவு, லைனிங் ஓர் அளவு. இறங்கி முடிந்த பிறகு, தொங்கும் நிலையிலேயே அடிக்கட்டையிலிருந்து அளந்து குறியுங்கள். முன்துணியை 4 அங்குலம் இரட்டை மடிப்பாகவும், லைனிங்கை 2 அங்குலம் இரட்டை மடிப்பாகவும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். லைனிங் முன்துணியைவிட ஓர் அங்குலம் மேலே முடியட்டும். பிறகு விட்டுவைத்த ஓர் அடிப் பக்கத் தையலை முடியுங்கள். மூலையில் அடுக்கு தடித்திருக்கும். மிஷினை அங்கே வற்புறுத்தாமல் கை ஊசியால் முடிப்பது நல்லது. அடியில் இரண்டு துணியையும் சேர்த்துத் தைக்கவே கூடாது. காற்றில் லைனிங் பறக்கிறது என்றால் இரண்டு மூன்று இடத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு நூல் சங்கிலி போட்டு இணையுங்கள், அந்த அளவு சுதந்திரம் இரண்டுக்கும் வேண்டும்.

வெளிச்சமே வராத பிளாக்அவுட் லைனிங் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் பூச்சில் விழுந்த ஊசித் துளை மூடாது, இருட்டில் ஒவ்வொன்றும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள், தைத்ததைப் பிரிக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சுப் பக்கம் இஸ்திரி வைக்காதீர்கள்.

துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் போதும். பிளாஸ்டிக் வளையத்தைத் தட்டையான நுனியால் நெம்பிக் கழற்றியும் துவைக்கலாம். வருடங்கள் போகப் போக லைனிங்தான் முதலில் இற்றுப்போகும், அது வெயிலை வாங்குகிற துணி. அப்போது முழுத் திரையையும் எறிய வேண்டாம். வளையங்களைக் கழற்றி, பக்கத் தையலையும் பட்டையின் இரண்டு தையல்களையும் ஓட்டைகளைச் சுற்றிய ஓட்டுத் தையலையும் பிரித்து, அதே 73க்கு 47 அளவில் புது லைனிங்கை நனைத்து வெட்டி நுழைத்துவிடலாம். நீளத் தையல் போட்டிருந்தால் பிரிப்பது ஒரு மாலை வேலைதான்.