சூது யார் அதிகாரம்?

வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். அது 94-ஆம் அதிகாரம். நம் நாட்டின் அரசியலமைப்பை ஆக்கிய பெரியோரும் சூதுக்கு ஓர் இடம் வகுத்தனர்; அது ஏழாம் அட்டவணையில், மாநிலங்களுக்குரிய பட்டியலில், 34-ஆம் இனம். முன்னது சூதாடுவோனுக்குச் சொன்ன அறிவுரை. பின்னது சூதை அடக்கும் பொறுப்பு மாநிலத்தினுடையது என்று சொன்ன சட்டம். இவ்விரண்டாவது அதிகாரம் மெய்யாகவே யாருடையது என்னும் வழக்கு, கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் பெருகிய பின் எழுந்தது. இஃது வழக்கறிஞர்கள் மட்டுமே பேசவேண்டிய பொருளன்று. பிறந்த மாநிலம் ஒன்று, பிழைக்கும் மாநிலம் ஒன்று என வாழும் நம் இல்லங்களுக்கு மிக நெருங்கிய பொருளாகும்.

நாம் இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுகிறோம். ஊழியர்கள் தம் சேமநல நிதியிலிருந்து முன்பணம் கேட்டு எழுதும் விண்ணப்பங்கள் நம் மேசைக்கு வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம் ஊர்ப்பக்கத்து நண்பர் ஒருவர், மகளின் படிப்புச் செலவுக்கென்று ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுத அவர் தயங்கியமையால், நாமே நம் கையால் எழுதிக் கொடுத்தோம். எட்டு மாதங்கள் கழித்து, வீட்டுக் கூரை பழுதென்று மீண்டும் வந்தார். அதையும் எழுதிக் கொடுத்தோம். பின்னொரு நாள் அவர் மனைவியார் அலுவலக வாயிலில் வந்து நின்று, “அண்ணாச்சி, பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் இன்னும் கட்டவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த பணம் எங்கே போயிற்று?” என்று கேட்டார். கைப்பேசியில் ரம்மி ஆடிப் போயிற்று. இரவுப் பணியின் இடைவேளைகளில் போயிற்று. சீட்டுக்கட்டு இல்லை, எதிரே ஆள் இல்லை, பக்கத்திலிருந்தவர்க்கும் தெரியவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வண்டியில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்திருக்கலாம். பாறசாலை கடந்து குழித்துறை வருமுன் மாநில எல்லை வந்துவிடுகிறது. தம்பானூரில் கூவி விற்கப்படும் லாட்டரிச் சீட்டை அவ்வெல்லைக்கு அப்பால் விற்றால் அது குற்றம். கேரளம் தன் முதற் சீட்டை 1967 நவம்பர் 1 அன்று வெளியிட்டது. விலை ஒரு ரூபாய். முதற் பரிசு 50,000 ரூபாய். தமிழகமும் 1968-இல் பரிசுச் சீட்டுத் தொடங்கி, 2003-இல் லாட்டரி விற்பனையையே தடை செய்துவிட்டது. அரசு நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலில் 40-ஆம் இனமாயினும், பிற மாநிலச் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் விற்கவிடாமல் தடுக்கும் உரிமையை நாடாளுமன்றத்தின் 1998-ஆம் ஆண்டுச் சட்டமே மாநிலத்துக்குத் தந்திருக்கிறது. சீட்டு காகிதம், அதை விற்க ஆள் வேண்டும், கடை வேண்டும், காவலர் பிடிக்க இயலும். கைப்பேசி ஆட்டமோ பாறசாலையில் தொடங்கிக் குழித்துறையில் முடியும். எந்த மாநிலத்தில் பணம் தோற்றது என்று ஆடியவனுக்கே தெரியாது.

இருப்பினும் இரு மாநிலங்களும் வாளாவிருக்கவில்லை. தமிழக அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டமும், 2021-இல் அதற்கு மாற்றாக ஒரு சட்டமும் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. கேரள அரசு 1960-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்கீழ், பணம் வைத்து ஆடும் இணையவழி ரம்மியைத் தடுத்து 2021 பிப்ரவரியில் அறிவிக்கை வெளியிட்டது. அதனைக் கேரள உயர்நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் நீக்கியது. காரணம் பழையது. கேரளத்தின் முதற் சீட்டு வெளிவந்த அதே 1967 நவம்பரில், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படும் ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. திறமை ஆட்டம் சூதாகாது. சூதாகாதது 34-ஆம் இனத்தில் அடங்காது. இதுவே நிறுவனங்கள் கைக்கொண்ட வாதம். நால்வர் திண்ணையிலமர்ந்து ஆடிய ஆட்டத்துக்குச் சொன்ன தீர்ப்பு, முகமறியாதவரோடு நள்ளிரவில் ஆடும் ஆட்டத்துக்கும் அரணாக நின்றது.

தமிழகம் மீண்டும் முயன்றது. ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து அறிக்கை பெற்று, 2022 அக்டோபரில் புதிய மசோதாவை நிறைவேற்றியது. மாநிலச் சட்டமன்றத்துக்கு இப்பொருளில் அதிகாரம் இல்லையென்று ஆளுநர் அதை 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். அவை அம்மாதமே மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 7 அன்று ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முதல்நாள்தான், ஏப்ரல் 6 அன்று, மத்திய அரசு இணைய ஆட்டங்களுக்கெனத் தன் தகவல்தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியிருந்தது. ஒரே பொருளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு காவலர்! அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அடியோடு தடுத்த பகுதியை நீக்கி, சட்டத்தின் ஏனைய பகுதியை ஏற்றது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை கூடாதென்னும் விதி 2025 பிப்ரவரியில் வந்தது; ஜூனில் நீதிமன்றமும் அதை ஏற்றது. நம் நண்பர் ஆடிய நேரம் அதுவே.

பின்னர் நாடாளுமன்றமே களமிறங்கியது. 2025 ஆகஸ்டு 20 அன்று மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம், திறமையா தற்செயலா என்னும் பழைய வினாவையே ஒதுக்கிவைத்து, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுவோர்க்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின. உடனே, மாநிலப் பட்டியலிலுள்ள பொருளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாமா என்னும் கேள்வியோடு உயர்நீதிமன்றங்களில் வழக்குகள் எழுந்தன. 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அவற்றைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், லாட்டரி விநியோகத்தர் மீது மத்திய அரசு சேவைவரி விதிக்க இயலாது, சூதின்மீதான வரி மாநிலத்துக்கே உரியது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நாம் சட்டம் பயின்றவரல்லோம். மெட்ரிக்குலேஷன் வரை படித்தவர். எனினும் இரயில்வேயில் இருப்பதால் ஒன்று தெரியும். தண்டவாளம் நாடு முழுமைக்கும் ஒன்றாயிருக்க வேண்டும். ஆனால் நடைமேடையில் விழுந்தவரைத் தூக்க அங்கிருப்பவரே ஓடிவர வேண்டும். இணையத்தையும் பணம் செல்லும் வங்கிவழியையும் அடைக்கும் ஆற்றல் மத்திய அரசுக்கு உண்டு. தனி மாநிலத்துக்கு அது அரிது. அழுதுகொண்டு வரும் பெண்ணின் முறையீட்டைக் கேட்கவேண்டியதோ அவ்வூர்க் காவல்நிலையம், அது மாநிலத்தினுடையது. ஒருவர் அதிகாரத்தை மற்றவர் பறித்துக்கொண்டால் ஒரு கதவு அடைபட்டு மறு கதவு திறந்தேயிருக்கும். எனவே மாநிலத்தின் உரிமையை விட்டுக்கொடாமல், மத்தியச் சட்டத்தின் துணையையும் கொள்வதே நேரிய வழி என்பது நம் கருத்து. நாள்தோறும் பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கல் நடத்தும் அரசு, சூதைப் பற்றிப் பேசும்போது தன் கையையும் பார்த்துக்கொள்வது நன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

தீர்ப்பு எதுவாயினும், தோற்ற பணத்தை அது மீட்டுத் தராது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லும் பணத்தைக் கேட்டு வழக்காட இயலாதென்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு எப்போதோ சொல்லிவிட்டது. ஆகவே முதற்காவல் இல்லத்திலேயே தொடங்கவேண்டும். கணவரின் சேமநல நிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை மனைவியும் அறிந்திருக்கட்டும். வீட்டில் ஒருவர் இவ்வலையில் வீழ்ந்தால் மானம் கருதி மறைக்கவேண்டா. மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

நம் நண்பர் இப்போது சம்பள நாளன்று வங்கி அட்டையை மனைவியாரிடம் ஒப்படைத்துவிடுகிறார். மகள் ஓராண்டு பிந்திக் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த ஓராண்டை அவளுக்குத் திருப்பித்தர எந்தப் பட்டியலிலும் இடமில்லை. நாமோ, யாரேனும் விண்ணப்பம் எழுதித்தரக் கேட்டால், “வீட்டில் தெரியுமா?” என்று முதலில் கேட்கிறோம். சிலர் கோபிக்கின்றனர், கோபித்துவிட்டுப் போகட்டும்.